பாரிஸ் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

*நெல்லை, தென்காசி பக்கத்திலிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பாரிஸைப் பற்றியவை. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்களே அதிகம் கேட்டிருக்கிறார்கள்.*

மகளும் மருமகனும் பாரிஸில் இருக்கிறார்கள். ஆவணியில் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. பகலெல்லாம் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியே என்ன சாப்பிடுவது?
- வாசகி, பாளையங்கோட்டை

முதலில் 'கார் து நோர்' ரயில் நிலையத்துக்கு வழி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்திலிருந்து ஃபோபூர் சான் தெனி தெருவைப் பிடித்து வடக்கே, லா ஷப்பல் மெட்ரோ நிலையம் பார்த்து நடந்தால் இரண்டு பக்கமும் தமிழ்ப் பெயர்ப் பலகைகள்தான். பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகள். இடியாப்பம், புட்டு, தோசை, சோறு எல்லாம் கிடைக்கும். இடியாப்பத்துக்குச் சொதியும் உண்டு. ஆனால் அதை நம் கல்யாண வீட்டு மறுநாள் சொதி என்று நினைத்துவிடாதீர்கள். பாசிப்பருப்பும் காய்கறியும் இஞ்சித் துவையலும் இருக்காது. மஞ்சள் போட்ட, இளக்கமான தேங்காய்ப்பால் குழம்பு அது. அதுவும் நன்றாகவே இருக்கும்.

அங்கே 'சைவம்' என்பதைவிட 'மரக்கறி' என்று கேட்பது நல்லது. இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று தேங்காய்ச் சம்பல். பார்க்கத் துவையல் மாதிரி இருக்கும், ஆனால் பலர் அதில் மாசிக் கருவாடு இடித்துச் சேர்ப்பார்கள். இன்னொன்று ரோல்ஸ். மரக்கறி ரோல்ஸும் ஆட்டிறைச்சி ரோல்ஸும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பிரெஞ்சுக் கடைகளில் சிக்கல் வேறு. 'வெஜிடேரியன்' என்றால் அங்கே முட்டை உண்டு. 'வேகன்' என்று கேட்டால் முட்டை போய்விடும், கூடவே பாலும் போய்விடும். வெங்காய சூப்பின் அடிப்படையே மாட்டிறைச்சி வேகவைத்த சாறு. கீஷ் என்னும் பிரெஞ்சுப் பண்டத்தில் ('பை' வகை) முட்டை உண்டு. குருவாசான் என்னும் பிறை வடிவ ரொட்டியின் மாவில் முட்டை இல்லாவிட்டாலும் மேலே பளபளக்கிறதே, அது பெரும்பாலும் முட்டை பூசியதால் வருவது. பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது 'பகெத் த்ரதிசியோன்' என்னும் நீள ரொட்டி. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவைதான் அடிப்படை. 1993இல் வந்த அரசாணை அதற்கு ரசாயனச் சேர்ப்பு எதையும் அனுமதிப்பதில்லை.

மாரே பகுதியில் ரோசியே தெருவின் ஃபலாஃபல் கடைகளும் உங்களுக்கு ஒத்துவரும். அரைத்த கொண்டைக்கடலையில் பொரித்த வடை, வதக்கிய கத்தரிக்காய், கோஸ், எள்ளு விழுது. யூதர்கள் நடத்தும் கடைகள் ஆதலால் வெள்ளி சாயங்காலம் அடைத்தால் சனிக்கிழமை முழுக்கத் திறக்காதவை உண்டு.

நேரம்தான் இதிலெல்லாம் முக்கியம். உணவகங்களில் மதியச் சாப்பாடு 12 மணி முதல் 2 மணி வரை, இரவுச் சாப்பாடு 7 மணிக்கு மேல். மூன்று மணிக்குப் பசித்தால் அடுப்பு அணைந்திருக்கும். அதோடு ஆகஸ்டில் பல கடைக்காரர்கள் இரண்டு மூன்று வாரம் விடுமுறையில் போய்விடுவார்கள். மாமிசம், மீன், முட்டை, மாமிசச் சாறு எதுவும் வேண்டாம் என்று மகளிடம் பிரெஞ்சில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நுழைந்ததும் 'போன்ஷூர்' சொல்ல மறக்க வேண்டாம். அது சொல்லாமல் கேள்வியை ஆரம்பித்தால் அங்கே மரியாதைக்குறைவு.

அல்வா, நெய், கருப்பட்டி, கருவேப்பிலை, கொஞ்சம் கருவாடு. பேரனுக்கு எதையெல்லாம் கொண்டுபோகலாம்?
- வாசகர், தென்காசி

நெய்யை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி பாலும் பாலில் செய்ததும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. பிடித்தால் குப்பைக்குத்தான் போகும். பால்கோவாவும் இதே காரணத்தால் வேண்டாம். அல்வா மிட்டாய், இனிப்பு வகையில் சேர்வதால் அந்தத் தடைக்குள் வராது. கடை முத்திரையும் சேர்மானம் எழுதிய சீட்டும் உள்ள பெட்டியாக வாங்குங்கள். அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள், பிசுபிசுப்பான பண்டம் என்று பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தக்கூடும். குளிரில் நெய் உறைந்து அல்வா மெழுகு மாதிரி இறுகியிருக்கும். டப்பாவை வெந்நீரில் பத்து நிமிடம் இறக்கி வைத்தால் பழைய பதத்துக்கு வரும்.

கருப்பட்டி கொண்டுபோகலாம். கருவேப்பிலை பச்சையாகக் கூடாது. 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், கனி, இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்கு மட்டும்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன். அதனால் தேங்காய்க்குத் தடையில்லை, மாம்பழத்துக்கு உண்டு. கருவேப்பிலையைப் பொடியாக இடித்துக் கொண்டுபோங்கள். பச்சையாக வேண்டுமானால் மேலே சொன்ன தமிழ்க் கடைகளிலேயே வாங்கலாம். மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை, தேன் 2 கிலோ வரை அனுமதி. கருவாட்டை இரண்டு மூன்று உறை போட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் துணிமணி எல்லாம் அந்த வாசனைதான்.

வெள்ளிக்கிழமை இறங்குகிறோம். வார பாஸ் எடுக்கலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

வேண்டாம். பாரிஸின் பயண அட்டையான 'நாவிகோ'வில் வார பாஸ் என்றால் எடுத்த நாளிலிருந்து ஏழு நாள் அல்ல, திங்கள் முதல் ஞாயிறு வரை. வெள்ளிக்கிழமை முதல் அடுத்த வாரத்துக்குத்தான் விற்பார்கள். முதல் மூன்று நாளுக்கு 'நாவிகோ ஈஸி' அட்டை வாங்கித் தேவைக்கு டிக்கெட் ஏற்றுங்கள். ஒரே அட்டையை இருவர் சேர்ந்து தட்டிப் போக முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். 2025 ஜனவரி முதல் மெட்ரோ-ரயில் டிக்கெட் வேறு, பஸ்-டிராம் டிக்கெட் வேறு. விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட். சாதாரண மெட்ரோ டிக்கெட்டில் ஏறினால் அபராதம். ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயில் நேரே கார் து நோர் வரும். நெரிசலில் கைவரிசை காட்டுகிறவர்கள் இந்த ரயிலிலும் மெட்ரோ 1ஆம் தடத்திலும் அதிகம். பாஸ்போர்ட் சட்டையின் உள்பையில் இருக்கட்டும்.

மூன்று நாளில் எதை எப்போது பார்ப்பது? எனக்கு முழங்கால் வலி உண்டு.
- வாசகி, வீரவநல்லூர்

கிழமையைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை. லூவ்ரில் புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை உண்டு, சாயங்காலம் போனால் கூட்டம் கொஞ்சம் குறையும். நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். மோனாலிசா முன்னால் எல்லோரும் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். அதே அறையில் அப்படியே திரும்பிப் பாருங்கள், எதிர்ச்சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு வெரோனேசேயின் கானா ஊர்க் கல்யாண விருந்து ஓவியம் இருக்கும். கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். அதன் முன்னால் நிற்க இடம் தாராளமாகக் கிடைக்கும். எங்களைக் கேட்டால் அந்த அறைக்குப் போவதே அதற்காகத்தான்.

ஐஃபெல் கோபுரம் 330 மீட்டர். இரண்டாம் தளம் வரை 674 படி, உங்களுக்கு அது வேண்டாம். லிஃப்ட் டிக்கெட்டை இணையத்தில் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். ஏறாவிட்டாலும் குறையில்லை. ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் உள்ள த்ரோகதேரோ மேட்டிலிருந்து பார்ப்பதே அழகு. இருட்டியபின் ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் விளக்குகள் மினுங்கும். ஆகஸ்ட் கடைசியில் இருட்டவே இரவு 9 மணி ஆகும்.

2019இல் தீப்பிடித்த நோத்ர் தாம் பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்துவிட்டது. உள்ளே போகக் கட்டணம் இல்லை.

ஹலால் எங்கே கிடைக்கும்?
- வாசகர், மேலப்பாளையம்

பார்பேஸ், பெல்வில் பகுதிகளில் நிறைய. ஆனால் ஒரு வேளையாவது ஐந்தாம் வட்டாரத்தின் பெரிய பள்ளிவாசலுக்குப் போய்விடுங்கள். 1926இல் திறந்தது. ஒட்டினாற்போல உள்ள தேநீர்க் கூடத்தில் புதினாத் தேநீரும் கூஸ்கூஸ் என்னும் கோதுமை ரவை உணவும் கிடைக்கும். பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை அனுமதி இல்லை, தொழுகைக்குப் போகிறவர்களுக்குத் தடையில்லை. மற்ற இடங்களில் 'ஷாம்போன்', 'லார்தோன்' என்ற சொற்களைப் பார்த்துவையுங்கள், இரண்டும் பன்றி இறைச்சி. பல குழம்புகளில் வைன் ஊற்றிச் சமைப்பார்கள், சில கேக்குகளில் ரம் இருக்கும்.

தண்ணீர் பாட்டிலுக்கே காசு கரைந்துவிடும் என்கிறார்கள். காபி எப்படி?
- வாசகர், வண்ணார்பேட்டை

கரைய வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். சாப்பிடும் இடத்தில் 'உய்ன் கராஃப் தோ' என்றால் குடுவையில் இலவசமாகத் தருவார்கள். வெறுமனே 'ஓ' என்று கேட்டால்தான் பாட்டில் வரும், பில்லும் வரும். தெருவில் நான்கு பெண் உருவங்கள் தாங்கும் கரும்பச்சை இரும்புக் குழாய்களைப் பார்க்கலாம். ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1872இல் தொடங்கிய தர்மம். குளிர்காலம் தவிர அதில் பிடித்துக் குடிக்கலாம்.

'கஃபே' என்றால் ஒரு மடக்குக் கடுங்காபி. பால் வேண்டுமானால் 'கஃபே க்ரெம்'. நின்றுகொண்டு கவுண்டரில் குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் கூடுதல். சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்தது, டிப்ஸ் கட்டாயமில்லை.

ஆவணியில் அங்கே தேர் உண்டாமே?
- வாசகி, டவுன், திருநெல்வேலி

உண்டு. பஜோல் தெரு 17ஆம் எண்ணில் மாணிக்க விநாயகர் கோயில், 1985இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு தேர் புறப்படும். நம் நெல்லையப்பர் தேரின் உயரம் இருக்காது, ஆனால் நாதஸ்வரம், காவடி, கற்பூரம் எல்லாம் உண்டு. சந்திகளில் மஞ்சள் பூசிய தேங்காயைக் குவியலாக அடுக்கி, தேர் வரும்போது உடைப்பார்கள். சிதறும் ஓடு காலைக் கிழிக்கும், தரையெல்லாம் இளநீர் வழுக்கும், அதனால் வெறுங்காலோடு முன்வரிசையில் நிற்க வேண்டாம். அந்த வருடத் தேதியைக் கோயிலிலேயே கேட்டுக்கொண்டு விமான டிக்கெட் எடுங்கள். லா ஷப்பல் நிலையத்தில் அன்று நெரிசல் தாங்காது, 12ஆம் தடத்தில் மார்க்ஸ் தொர்முவா நிலையத்தில் இறங்கி நடந்து வந்தால் சுலபம்.