டி.என்.ஏ.வை ஒளியால் ‘படிப்பது’ என்றால் என்ன?

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளாலான நீண்ட வரி. எழுத்து என்பது இங்கே ஒரு சிறு வேதிப்பொருள். மனிதருக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அவற்றின் வரிசையைக் கண்டறிவதைத்தான் படிப்பது என்கிறார்கள்.

எழுத்தை நேராகப் பார்க்க முடியாது, அவ்வளவு சிறியது. சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியன், டேவிட் கிளெனர்மன் என்ற இரு வேதியியலாளர்கள் 1990களில் கேம்பிரிட்ஜில் யோசித்த வழி வேறு. டி.என்.ஏ. எதிரெதிரே நிற்கும் இரண்டு இழைகளாக இருக்கும். ஒன்றில் ஏ இருந்தால் எதிரே டிதான் சேரும். ஜிக்கு எதிரே சி. அதனால் எதிர் இழையைப் புதிதாக வளரவிட்டார்கள். சேரும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறச் சாயம், அடுத்தது உடனே ஒட்டாதபடி ஒரு மூடி. லேசர் பட்டதும் சாயம் ஒளிரும், கேமரா படமெடுக்கும். பிறகு சாயத்தையும் மூடியையும் கழற்றிவிட்டு அடுத்த எழுத்து. என்னைக் கேட்டால், இதன் உயிர்நாடியே கழற்றக்கூடிய அந்த மூடிதான்.

நான்கு நிறப் பூக்களை ஒருவர் சரமாகத் தொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு படம் எடுக்கிறீர்கள். படங்களை வைத்தே சரத்தின் வரிசையைச் சொல்லிவிடலாம் அல்லவா? இங்கே கோடிக்கணக்கான சரங்கள் ஒரே நேரத்தில் தொடுக்கப்படுகின்றன. வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

இதற்கான காப்புரிமைகளை வைத்திருந்த சொலெக்ஸா நிறுவனத்தை 2007இல் இல்லுமினா என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது.

கருவி டி.என்.ஏ.வை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில் படிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது படிப்பது சில நூறு எழுத்துத் துண்டுகளைத்தான், கோப்பது கணினி.