கோலப்புள்ளியில் கணக்கு: கேள்வி பதில்

மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மா: நாலாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்கு நோட்டை எடுத்தாலே அழுகிறாள். எங்கிருந்து தொடங்குவது?

நோட்டை நாலு நாள் மூடி வையுங்கள். காலையில் வாசலில் நேர்ப்புள்ளி 7, 1 வரை வைக்கச் சொல்லுங்கள்: நடு வரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் எத்தனை புள்ளி? ஒவ்வொன்றாக எண்ணி 25 என்பாள். "எண்ணாமல் சொல்ல வழி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்தப் பேசாமல் இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.

என்னிடம் வரும் ஒரு சிறுமி இதற்காகக் கோலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தவள் திடீரென்று நின்றாள். மூலைவாட்டில் பார்த்தால் 4 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. அவற்றின் இடையிடையே 3 வரிசை, வரிசைக்கு 3. ஆக 16-ம் 9-ம் 25. மறுநாள் 9 புள்ளிக் கோலத்துக்கு, மாவைத் தொடும் முன்பே 41 என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

தாம்பரத்திலிருந்து ஓர் அப்பா: பையன் அபாகஸில் படுவேகம். ஆனால் வாக்கியக் கணக்கு வந்தால், "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்கிறான்.

வேகம் வேறு, யோசனை வேறு. இங்கிலீஷில் படிக்கும் பல பிள்ளைகளுக்குக் கேள்வியே புரிவதில்லை. கணக்கை வீட்டுத் தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் எண்களை எடுத்துவிட்டுக் கேளுங்கள்: "கோயம்பேட்டில் மாம்பழம் வாங்கினோம், கொஞ்சம் அழுகிப்போச்சு, மிச்சத்தை விற்றோம். லாபமா என்று பார்க்க என்னென்ன தெரியணும்?" எண் இல்லாவிட்டால் அவசரமாகக் கூட்ட முடியாது, யோசித்தே ஆகவேண்டும்.

பெரம்பூர் பாட்டி: பேரனோடு பல்லாங்குழி ஆடுகிறேன். அதுவும் கணக்குதானா?

சந்தேகமே வேண்டாம் அம்மா. 14 குழி, குழிக்கு 5 வைத்தால் 70 காய். அள்ளும் முன், "கடைசிக் காய் எந்தக் குழியில் விழும்?" என்று கேட்டுவிட்டு ஆடுங்கள்.

வியாசர்பாடி டீச்சர்: வகுப்பில் 40 பேர். பாடம் முடிக்கவே நேரமில்லையே?

வாரத்துக்கு ஒரு புதிர், 10 நிமிடம் போதும். கை தூக்க மட்டும் விடாதீர்கள். முதல் கை உயர்ந்ததும் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். துண்டுச் சீட்டில் எழுதட்டும், தப்பான விடையையும் "எப்படி வந்தது?" என்று அக்கறையாகக் கேளுங்கள். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் தொடங்கிய கணக்கு ஆசிரியர் பி.கே. சீனிவாசன், நாள்காட்டியிலிருந்தே எத்தனையோ கணக்கு எடுத்தவர். நீங்களும் மாத நாள்காட்டியில் 4 தேதிகளைச் சதுரமாகக் கட்டம் கட்டி, மூலைக்கு மூலை கூட்டச் சொல்லுங்கள். 8-ம் 16-ம் 24. 9-ம் 15-ம் 24. ஏன் என்று கேளுங்கள். மணி அடித்துவிட்டால் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டில் அவர்களே பேசிக்கொள்வார்கள்.