லுவார் கரையில் நான்கு நாள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மகன் பாரிஸில் வேலை பார்க்கிறான். மே மாதம் நானும் என் கணவரும் போகிறோம். பாரிஸிலிருந்து ஒரே நாளில் லுவார் ஆற்றங்கரையின் மூன்று கோட்டைகளைக் காட்டும் பேருந்துச் சுற்றுலா இருக்கிறதாம். அது போதுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. போக வரவே ஐந்து மணி நேரம் போய்விடும். மிச்சத்தில் மூன்று கோட்டை என்றால், ஒவ்வொன்றிலும் வரிசையில் நிற்கவும் படியேறவும்தான் நேரம் இருக்கும். இந்தக் கோட்டைகளின் அழகு பாதிக்கு மேல் வெளியே, ஆற்றோடு அவை சேரும் இடத்தில் இருக்கிறது. பேருந்து அங்கே நிற்காது.

தூர் நகரில் நான்கு இரவு தங்குங்கள். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். பல ரயில்கள் தூர் நகருக்குள் போவதில்லை. சேன்-பியேர்-தெ-கோர் என்ற நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஐந்து நிமிட இணைப்பு ரயிலில் போகவேண்டும். தூர் என்ற பெயர் வரும் வரை உட்கார்ந்திருந்தால் புவாத்தியே, போர்தோ என்று தெற்கே போய்விடுவீர்கள். அதிவேக ரயில் பயணச்சீட்டு நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், முன்கூட்டியே வாங்குங்கள். உள்ளூர் ரயிலுக்கு அந்த அவசரம் இல்லை.

முதல் நாள் ஷெனோன்ஸோ. தூரிலிருந்து அரை மணி நேர ரயில், நிலையத்தை ஒட்டியே கோட்டை வாசல். நடுப்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் ரயில் இல்லாத இடைவெளி வரும். அதனால் திரும்பும் ரயிலை முதலில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். ஷேர் ஆற்றில் இருந்த பழைய மாவு ஆலையின் அடித்தளத்தின்மேல் எழுந்த மாளிகை அது. பிறகு ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி, 1570-களில் பிரான்ஸின் அரசித்தாய் காத்தரீன் தெ மெதிசி அந்தப் பாலத்தின்மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். இரண்டாம் உலகப் போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடு. முன்வாசல் ஜெர்மானியர் பிடியில், கூடத்தின் மறுகதவு விடுதலைப் பகுதியில். அந்தக் கூடத்தின் ஜன்னலில் நின்று கீழே ஓடும் தண்ணீரைப் பத்து நிமிடமாவது பாருங்கள்.

இரண்டாம் நாள் அம்புவாஸ், இருபது நிமிட ரயில். நிலையம் ஆற்றின் வடகரையில், கோட்டை தென்கரையில். நடுவில் ஒரு தீவைத் தாண்டிப் பாலத்தில் நடக்கவேண்டும். லியனார்தோ தா வின்சி 1519 மே 2 அன்று காலமான க்ளோ லுசே வீடு இந்த ஊரில்தான். ஷாம்போர் கோட்டை வேலை தொடங்கியதும் அதே ஆண்டு.

மூன்றாம் நாள் ஷாம்போர். அதற்கு ரயில் கிடையாது. புளுவா நகரில் இறங்கிப் பேருந்து பிடிக்கவேண்டும், அதுவும் எல்லா மாதமும் ஒரே அளவில் ஓடாது. ஒருவர் ஏற இன்னொருவர் இறங்கினாலும் நேருக்கு நேர் சந்திக்காத இரட்டைச் சுழல் படிக்கட்டு அங்கேதான். கோட்டையையும் காட்டையும் வளைத்த சுற்றுமதில் 32 கிலோமீட்டர். காட்டைப் பார்க்க விரும்பினால் முழு நாளையும் இதற்கே வையுங்கள்.

நான்காம் நாளைத் திட்டம் போடாமல் விடுங்கள். மழை பெய்தால் கை கொடுக்கும்.

மே மாதம் என்பதால் ஓர் எச்சரிக்கை: மே 1, மே 8, கிறிஸ்து விண்ணேற்ற நாள் என விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். மே 1 அன்று கடைகள் அடைத்திருக்கும், பேருந்துகள் குறையும், அரசின் அஸே-லெ-ரிதோ கோட்டையும் மூடியிருக்கும்.

கேள்வி: லுவார் ஆற்றங்கரையில் நடப்பதற்கென்றே பாதை உண்டா? நம் காவிரிக் கரை போல இருக்குமா?
— வாசகர், திருவையாறு

பதில்: மேட்டூர் திறந்து ஆடிப்பெருக்குக்கு நம் படித்துறையில் தண்ணீர் தொடும் நாட்களில், லுவார் மெலிந்து மணல்திட்டாகக் கிடக்கும். அங்கே வெள்ளம் பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும். சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடும் ஆறு, காவிரியைவிட நீளம். கோடையில் நீரோட்டம் அற்றுப்போகாமல் இருக்க மேலே வில்ரே, நோசாக் நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். கொள்ளிடக் கரையைப் பார்த்தவருக்கு லுவாரின் வெள்ளத்தடுப்புக் கரைகள் புதிதாகத் தோன்றாது. பழைய வீட்டுச் சுவர்களில் 1846, 1856, 1866 என்று வெட்டிய கோடுகளைத் தேடுங்கள். அந்த வெள்ளங்களில் தண்ணீர் நின்ற உயரம் அது.

பாதை உண்டு. ஜி.ஆர். 3 என்ற நெடுநடைப் பாதை லுவாரை ஒட்டியே போகிறது. பிரான்ஸின் இவ்வகைப் பாதைகளில் இதுதான் முதலாவது, 1947-ல் முதல் பகுதி திறக்கப்பட்டது. மரத்திலும் கம்பத்திலும் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு பட்டை இருந்தால் சரியான வழி. இரண்டும் பெருக்கல் குறியாக இருந்தால் தவறான வழி, திரும்புங்கள். ஒற்றை மஞ்சள் பட்டை ஊரைச் சுற்றிவரும் சிறு பாதை. முதல் முறை போகிறவருக்கு மஞ்சள்தான் ஏற்றது: கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். கால் மணி நேரமாக எந்தப் பட்டையும் கண்ணில் படவில்லையென்றால் முன்னே போகாதீர்கள். கடைசியாகப் பட்டை பார்த்த இடத்துக்குத் திரும்பி, அங்கே எந்தக் கிளையை விட்டோம் என்று பாருங்கள்.

சில இடங்களில் கரையின் உச்சியிலேயே தார்ச்சாலை போகும், கார்கள் வேகமாக வரும். அங்கே குறுக்குவழி என்று சாலையோரம் நடக்காமல் பட்டை காட்டும் கீழ்ப்பாதையில் போங்கள். புல்லில் உண்ணி இருக்கும், லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும். முழுக்கால் சட்டை போட்டு, இரவில் முழங்கால் பின்புறம், அக்குள், இடுப்பு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

மணலைக் கண்டால் இறங்கத் தோன்றும். லுவாரில் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும், மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே பள்ளம் இருக்கும். மணலின் விளிம்பும் காலடியில் சரியும். வசந்தத்திலிருந்து கோடை வரை அந்தத் திட்டுகளில் ஆலாக்கள் முட்டையிடும். மனிதர் நடந்தால் தாய்ப்பறவை எழுந்துவிடும், முட்டை வெயிலில் வெந்துவிடும். ஆற்றுக்குள் போக ஆசையிருந்தால், நம் பரிசல் போல ஆழமற்ற நீரில் ஓடும் தட்டையடி மரப்படகில் போகலாம்.

சைக்கிளுக்கு ‘லுவார் ஆ வேலோ’ தடம், சுமார் 900 கிலோமீட்டர். பலரும் ஆற்றின் போக்கில் மேற்கே மிதிக்கிறார்கள். ஆனால் காற்று பெரும்பாலும் கடல் பக்கமிருந்து, மேற்கிலிருந்து வீசும். ஆற்றின் சரிவு காலுக்குத் தெரியாத அளவு, காற்று நன்றாகத் தெரியும். ரயிலில் மேற்கே போய், கிழக்கு நோக்கி மிதித்து வாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: பழைய சுழல் படிகள் ஒரு பக்கம் குறுகி, நடுவில் தேய்ந்திருக்கும். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கடினம். வில்லாந்திரி கோட்டையை முதலில் வையுங்கள். மாளிகைக்குள் போகாமல் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்கலாம். முட்டைக்கோஸும் பீட்ரூட்டும் ஒன்பது சதுரங்களில் கோலம் போட்டதுபோல நட்டிருக்கும். ஷெனோன்ஸோவில் தரைத்தளமும் ஆற்றுக் கூடமுமே போதும். வாசலிலிருந்து மாளிகைக்கு நீண்ட மரச்சாலை நடக்கவேண்டியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். ஷாம்போரின் கூரை மாடத்தை விட்டுவிடலாம்.

கேள்வி: நாங்கள் சைவம். கிராமங்களில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
— வாசகர், மன்னார்குடி

பதில்: சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் வீட்டுக்கு அங்கே ‘ஜீத்’ என்று பெயர். அதை எடுங்கள். அரிசி, பருப்பு, புளியைப் பாரிஸில் கார் த்யு நோர் நிலையத்தை அடுத்த தமிழ்க் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து மோன்பர்னாஸுக்கு மெட்ரோ 4-ஆம் தடத்தில் மாறாமல் போகலாம். ஊரிலிருந்து நெய், பால்பொடி, பால்கோவா கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால்பொருள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் போகாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் போகும், பெட்டிக்குள் வைத்துக் கட்டுங்கள்.

கடையில் ‘சாங் வியாந்த், சாங் புவஸ்ஸோன்’ என்று கேளுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். கீஷ் லொரேன் என்ற முட்டைப் பலகாரத்தில் ‘லார்தோன்’ என்ற பன்றித்துண்டு இருக்கும், சூடான ஆட்டுப்பாலாடைக்கட்டி சாலட்டிலும் இருக்கலாம். சூப்பில் கோழிச்சாறு இருக்கலாம். அந்தப் பகுதியின் ‘ஃபுவே’ என்ற விறகடுப்பு ரொட்டியை வெண்ணெய், வெள்ளை பீன்ஸ் வைத்துக் கேட்டால் வயிறு நிறையும். மதியச் சாப்பாடு 12 முதல் 1.30-க்குள். இரண்டு மணிக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும்.

கேள்வி: வாடகைக் காரில் கிராமங்களைப் பார்க்க எண்ணம். எந்த ஊர், என்ன கவனிக்கவேண்டும்?
— வாசகர், காரைக்கால்

பதில்: காந்த்-சேன்-மர்த்தேன், அதை ஒட்டிய மோன்சோரோ. இரண்டுக்கும் நடுவே இருபது நிமிட நடைதான். வியேன் ஆறு லுவாரில் சேரும் இடம் இது. முக்கொம்பிலிருந்து கடல் வரை ஆறு பிரிந்து பிரிந்து போவதையே பார்த்த நம் கண்ணுக்கு, இரண்டு ஆறு கூடுவதைக் காந்த் மேட்டில் ஏறிப் பார்ப்பது பெரும் நிறைவு. வீடுகள் ‘துஃபோ’ என்ற மெத்தென்ற வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கல் வெட்டிய குகைகளிலும் வீடுகள் உண்டு. சாய்ந்தால் கருப்புச் சட்டையில் மாவாக ஒட்டும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும். சிவப்பு விளிம்புப் பலகையில் ஊர்ப்பெயர் வந்ததும் வேகம் 50, அதே பெயர் குறுக்கே கோடிட்டு வந்தால் ஊர் முடிந்தது. கிராமத்துக்குள் வேறு பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. அவர் நிற்கமாட்டார், நீங்கள்தான் நிற்கவேண்டும். ஞாயிறு மதியத்துக்குமேல் கடைகள் அடைத்துவிடும், அதனால் ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.