இடைக்காலத்துக்கு வந்தவரை இருத்திக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-இல் ஆடும் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி, டிராஃப்டில் (அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுத்த ஜே.ஜே. மெக்கார்த்தி தயாராகும் வரை இடத்தைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் 2024-இல் சாம் டார்னால்டை ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தது. அவர் 14 ஆட்டங்களை வென்று கொடுத்தார். ஆனாலும் அணி அவரைப் போகவிட்டது. மறு ஆண்டே அவர் சியாட்டில் சீஹாக்ஸ் அணியுடன் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் கோப்பையை ஏந்தினார். இடைக்காலத்துக்கு வந்த ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) நன்றாக ஆடிவிட்டால், போட்டு வைத்த திட்டத்தை மாற்றிக்கொண்டு அவரை வைத்துக்கொள்ள வேண்டாமா?
— வாசகர், மினியாபொலிஸ்

பதில்: வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கோப்பை கைக்கு வந்த பிறகு இப்படிச் சொல்வது யாருக்கும் எளிது என்பதால், டார்னால்டைப் போகவிட்ட 2025 மார்ச் மாதத்தில் அந்த அணிக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

டார்னால்டு அந்த சீசனில் 4,319 யார்டு எறிந்தார். 35 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது), 12 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து). 17 ஆட்டங்களையும் அவரே தொடங்கினார். மெக்கார்த்தியோ 2024 டிராஃப்டில் பத்தாவதாக எடுக்கப்பட்டு, ஆகஸ்டில் ஒரே ஒரு முன்னோட்ட ஆட்டத்தில் ஆடியதோடு முழங்கால் சவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, அந்த ஆண்டு முழுவதும் களத்துக்கு வெளியே இருந்தவர். முதல் ஆண்டில் பயிற்சிக் களத்தில் கிடைத்திருக்க வேண்டிய மாதங்களும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அணி அன்று தேர்ந்தெடுத்தது இரண்டு குவாட்டர்பேக்குகளில் ஒருவரை அல்ல. களத்தில் கண்ணால் பார்த்த ஒருவரை விடுத்து, இன்னும் யாருமே பார்த்திராத ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. மெக்கார்த்தியின் திறமையில் எனக்கு ஐயம் இல்லை. அதை அளப்பதற்கான அளவுகோல் அன்று அணியிடம் இல்லை என்பதுதான் என் குறை.

அணியின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. கடைசி இரண்டு ஆட்டங்களில் டார்னால்டு நிலைகுலைந்தார். டெட்ராய்ட்டுக்கு எதிராக 41 முறை எறிந்ததில் 18 மட்டுமே சக வீரர்களின் கையில் சேர்ந்தன. அணி 31-9 என்று தோற்றது. அடுத்து, தோற்றால் வெளியேற வேண்டிய பிளே-ஆஃப் சுற்றில் ராம்ஸ் அணி அவரை ஒன்பது முறை பந்தோடு வீழ்த்தி, 27-9 என்று வென்றது. கடைசியாகப் பார்த்ததுதான் மனத்தில் தங்கும், மேலாளர்களும் மனிதர்களே. ஆனால் 17 வார உழைப்பை எட்டு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டங்கள் அழித்துவிடலாமா?

இதே சிக்கலை கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி கையாண்ட விதத்தைப் பாருங்கள். 2017 டிராஃப்டில் 27-ஆம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு ஏறி வந்து பாட்ரிக் மஹோம்ஸை எடுத்த பிறகும், அந்த ஆண்டு முழுவதும் அலெக்ஸ் ஸ்மித்தையே ஆடவிட்டார்கள். ஸ்மித் தம் வாழ்நாளின் சிறந்த சீசனை ஆடினார். எறிதலின் தரத்தை அளக்கும் பாசர் ரேட்டிங்கில் லீகிலேயே முதலிடம், 26 டச் டவுன், ஐந்தே இன்டர்செப்ஷன். எண்களை மட்டும் பார்த்தால் அவரையும் போகவிட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்த ஓராண்டும் மஹோம்ஸ் தினமும் அவர்கள் கண் முன்னால் பயிற்சி செய்துகொண்டிருந்தார். டிசம்பர் 31 அன்று டென்வரில் அவரைத் தொடக்க ஆட்டக்காரராகவே இறக்கிப் பார்த்தார்கள். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் அவரை வெளியே எடுத்து உட்கார வைத்தபோது ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டது. மீண்டும் அவரையே அனுப்பினார்கள். அவர் பந்தை முன்னே கொண்டுசென்ற பிறகு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் பெறும் புள்ளிகள்) அடித்து 27-24 என்று வென்றார்கள். ஸ்மித்தை வாஷிங்டனுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டது அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான், அதுவும் டிராஃப்டில் மூன்றாம் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றையும் கெண்டல் ஃபுல்லர் என்ற தற்காப்பு வீரரையும் பதிலுக்குப் பெற்றுக்கொண்டு. மறு ஆண்டு மஹோம்ஸ் 50 டச் டவுன் எறிந்து லீகின் மிகச் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றார்.

ஒரே டிராஃப்ட் இடம், ஒரே வகைத் திட்டம். ஓர் அணி இளைஞரைப் பார்த்த பிறகு மூத்தவரை விட்டது. மற்றோர் அணி இளைஞரைப் பார்க்காமலே மூத்தவரை விட்டது. 2025-இல் மெக்கார்த்தி காயங்களால் பல ஆட்டங்களில் ஆட முடியாமல் போக, வைக்கிங்ஸ் 9-8 என்று (9 வெற்றி, 8 தோல்வி) முடித்துப் பிளே-ஆஃபுக்குள் நுழையவில்லை. அந்தக் காயங்களை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாதுதான். ஆனால் ஏற்கெனவே ஓர் ஆண்டைக் காயத்துக்குப் பறிகொடுத்த இளைஞருக்குப் பின்னால் நம்பகமான ஒருவர் நிற்க வேண்டும் என்பதை அறிய முன்னறிவு ஏதும் தேவையில்லை.

கேள்வி: இதே வைக்கிங்ஸ் 2017-இல் நன்றாக ஆடிய கேஸ் கீனமையும் விட்டுவிட்டதே? அந்த முடிவு சரியாகத்தானே அமைந்தது? இடைக்காலத்துக்கு வந்தவர்களை எல்லாம் வைத்துக்கொள்ளச் சொல்வது ஆபத்தில்லையா?
— வாசகர், சிகாகோ

பதில்: நல்ல எதிர்வாதம். முதல் குவாட்டர்பேக்காக இருந்த சாம் பிராட்ஃபோர்டின் முழங்கால் ஒத்துழைக்காமல் போனதால் ஆட வந்த கீனம், தாம் தொடங்கிய 14 ஆட்டங்களில் 11-ஐ வென்றார். பிளே-ஆஃபில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் அவர் எறிந்த பந்தை ஸ்டெஃபான் டிக்ஸ் பிடித்து 61 யார்டுக்கு டச் டவுனாக்கியதை மினசோட்டாக்காரர்கள் ‘மினியாபொலிஸ் அதிசயம்’ என்றே சொல்கிறார்கள். அடுத்த வாரம் ஃபிலடெல்ஃபியாவில் 38-7 என்று தோற்றார்கள். அணி கீனமை விட்டது. அவர் இரண்டு ஆண்டுக்கு 3.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் டென்வருக்குப் போனார். அங்கே 6-10 என்று முடித்ததும், ஓராண்டிலேயே டென்வரும் அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டது.

ஆகவே கீனமை விட்டது பிழையல்ல. ஆனால் அவருடைய இடத்தில் அணி யாரை அமர்த்தியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாஷிங்டனில் மூன்று சீசன்கள் தொடர்ந்து முழுநேரமாக ஆடியிருந்த கர்க் கசின்ஸை, 8.4 கோடி டாலரையும் முழுமையாக உறுதி செய்து அழைத்து வந்தார்கள். முதல் ஆண்டு 8-7-1 என்று (ஓர் ஆட்டம் சமன்) ஏமாற்றமாகவே முடிந்தது என்றாலும், பார்க்கப்பட்ட ஒருவருக்குப் பதிலாகப் பார்க்கப்பட்ட இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்கு தப்பலாம். ஆனால் அது கணக்கு. 2025-இல் செய்தது நம்பிக்கையை மட்டுமே வைத்துச் செய்தது.

கேள்வி: ஒரு சீசன் நன்றாக ஆடியவர் உண்மையிலேயே தேறிவிட்டாரா, அல்லது சுற்றி இருக்கும் நல்ல அணியால் நன்றாகத் தெரிகிறாரா என்று எப்படிக் கண்டுகொள்வது?
— வாசகர், நியூ ஜெர்சி

பதில்: எண்களைச் சற்று ஓரம் வைத்துவிட்டு, பந்து அவர் கைக்கு வந்த பிறகான மூன்று நொடிகளைப் பார்க்கச் சொல்வேன். குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து தடுப்பாளர்கள் அரண் கட்டி நிற்கிறார்கள். முதலில் பார்த்த ஆளை எதிரணி மூடிவிட்டது என்றால், அவருடைய கண் இரண்டாவது ஆளுக்கு, மூன்றாவது ஆளுக்கு நகர வேண்டும். கண் நகரும்போதே காலும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். தேர்ந்தவருக்கு இவை இரண்டும் ஒரே அசைவு. தேறாதவருக்குக் கண் முதல் ஆளிடமே ஒட்டிக்கொண்டிருக்கும், கால் நின்ற இடத்தில் தத்தளிக்கும், பந்து கையிலேயே தங்கிவிடும். ராம்ஸ் ஆட்டத்தின் அந்த ஒன்பது வீழ்த்தல்களில் தடுப்பாளர்கள் உடைந்து நடந்தவையும் உண்டு, எறிந்திருக்க வேண்டிய பந்தை டார்னால்டு பிடித்துக்கொண்டே நின்றதால் நடந்தவையும் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒன்பது என்ற எண்ணை மட்டும் சொல்வது அவருக்கும் நியாயமில்லை, அணிக்கும் பயனில்லை.

பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு என்பதையும் எடை போட வேண்டும். 2018-இல் மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டார்னால்டு, நியூயார்க் ஜெட்ஸிலும் கரோலினாவிலும் தடுமாறினார். நல்ல பயிற்சியாளரும் எறியும் பந்தைப் பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன் போன்ற ஆட்டக்காரரும் அமைந்த இடத்தில்தான் மலர்ந்தார். ‘அப்படியானால் பெருமை அமைப்புக்குத்தான்’ என்று சிலர் வாதிட்டார்கள். அது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அந்த அமைப்பை வைத்திருந்த அணிக்கு அவரை விடுவதற்கு அது காரணமாகாது. அவர் எங்கே நன்றாக ஆடுவார் என்ற விடை தங்கள் வீட்டிலேயே இருக்கும்போது அவரை வைத்துக்கொள்வதற்குத்தான் அது காரணமாகும்.

கேள்வி: பணம்? ஓராண்டுக்கு மலிவாக வந்தவர் மறு ஆண்டு பெருந்தொகை கேட்பாரே? சம்பள உச்சவரம்பு இடம் கொடுக்குமா?
— வாசகர், டாலஸ்

பதில்: டார்னால்டு வைக்கிங்ஸுக்கு வந்தது ஒரு கோடி டாலருக்கு, சியாட்டில் கொடுத்தது மூன்று ஆண்டுக்கு 10.05 கோடி. 2025-இல் அணி ஒவ்வொன்றுக்கும் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். டிராஃப்டில் வந்த இளைஞருடைய சம்பளம் முதல் நான்கு ஆண்டுகள் மிகக் குறைவு. மெக்கார்த்தியின் நான்காண்டு ஒப்பந்தம் மொத்தமே ஏறத்தாழ 2.2 கோடிதான். அந்த மலிவான ஆண்டுகளில் மிச்சமாகும் பணத்தை மற்ற இடங்களில் செலவிட்டு அணியை வலுவாக்குவது என்பதே வைக்கிங்ஸின் திட்டம். மதிக்கத்தக்க திட்டம்தான். ஆனால் அந்த மிச்சம் பலன் தருவதற்கு இளைஞர் ஆடக்கூடியவராக இருக்க வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒப்பந்தத்தின் நீளம். டென்னஸி அணியில் 2019-இல் பாதி சீசனில் இறங்கிய ரயன் டேனஹில், அணியை, லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் கான்ஃபரன்ஸின் இறுதி வரை கொண்டுசென்றார். நான்கு ஆண்டுக்கு 11.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு ஆண்டுகள் நல்ல பலன் கிடைத்தது. பிறகு, லீக் சுற்றின் முடிவில் அந்தக் கான்ஃபரன்ஸில் முதலிடம் பிடித்திருந்த ஆண்டில், சின்சினாட்டிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில் அவர் மூன்று பந்துகளை எதிரணியிடம் கொடுக்க, 19-16 என்று தோற்றார்கள். டாம்பா பே அணி பேக்கர் மேஃபீல்டை 2023-இல் 40 லட்சம் டாலருக்கு ஓராண்டு வைத்துப் பார்த்து, பிறகு மூன்று ஆண்டுக்கு 10 கோடி கொடுத்தது. அவர் 2024-இல் 41 டச் டவுன் எறிந்தார். மூன்று ஆண்டு என்பது சரியான நீளம் என்றும், அதிலும் உறுதித் தொகையை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்குவது நல்லது என்றும் நான் கருதுகிறேன். நிலைமை மாறினால் வேறு அணிக்கு அனுப்பலாம். சியாட்டிலையே பாருங்கள்: 2022-இல் அங்கே மாற்று ஆட்டக்காரராக இருந்து தொடக்க இடத்தை நிரப்பிய ஜீனோ ஸ்மித்தை வைத்துக்கொண்டு, 2025-இல் மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு ரெய்டர்ஸிடம் கொடுத்துவிட்டுத்தான் டார்னால்டை எடுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து தானாகப் போகும் ஆட்டக்காரருக்காக இப்படிப் பேரம் பேச வழியில்லை.

கேள்வி: மூத்தவர் இருந்தால் இளைஞரின் தன்னம்பிக்கை கெடாதா?
— வாசகர், மயாமி

பதில்: உங்கள் ஊரிலேயே இது நடந்தது. 2020-இல் மயாமி டால்ஃபின்ஸ் அணியை 3-3 என்ற நிலைக்குக் கொண்டுவந்திருந்த ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக்கை உட்காரவைத்து, அந்த ஆண்டு டிராஃப்டில் எடுத்த டுவா டாகோவைலோவாவை இறக்கினார்கள். மனம் உடைந்துபோனதாக ஃபிட்ஸ்பாட்ரிக் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் அணியை விட்டு விலகவில்லை. டிசம்பர் 26 அன்று லாஸ் வேகஸில் டுவா தடுமாறியபோது மூத்தவரை அனுப்பினார்கள். 19 நொடிகள் மீதமிருக்க, 25-23 என்று பின்தங்கிய நிலையில், எதிரணிக்காரர் ஒருவர் தலைக்கவசத்தின் முன்கம்பியைப் பற்றி இழுத்து முகத்தையே வேறு பக்கம் திருப்பிவிட்ட அந்தக் கணத்தில், பார்க்காமலே அவர் எறிந்த பந்து 34 யார்டு போய் மேக் ஹாலின்ஸின் கையில் விழுந்தது. தண்டனையாக இன்னும் 15 யார்டு கிடைத்தது. ஃபீல்டு கோல் அடித்து 26-25 என்று வென்றார்கள். அந்த இரவு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த டுவா, 2023-இல் 4,624 யார்டு எறிந்து லீகிலேயே முதலிடம் பிடித்தார்.