டபுள் போடுவதா, ஸ்பேடைச் சொல்வதா?

கேள்வி: தேசியச் சேவையின்போது முகாமில் ஃபுளோட்டிங் பிரிட்ஜ் ஆடிப் பழகியவன் நான். ஓராண்டாக, ஓய்வுபெற்ற என் பழைய மேலாளரோடு ஜோடி சேர்ந்து, இரண்டு ஜோடிகள் ஏலம் கேட்டு மோதும் காண்ட்ராக்ட் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறேன். போன வாரம் என் கையில் ஸ்பேடில் ஏஸ், கிங், குவீன், 10, 8, 6. ஹார்ட்டில் 4 மட்டும். டைமண்டில் ஏஸ், ஜாக், 3. கிளப்பில் கிங், 9, 5. வலப்பக்கத்தவர் ஏலத்தை 1 ஹார்ட் (ஹார்ட்டைத் துருப்பாக்கி 7 பிடி எடுப்பேன்) என்று தொடங்கினார். 17 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குவீன் 2, ஜாக் 1) இருக்கிறதே என்று டபுள் போட்டேன். இடப்பக்கத்தவர் 3 ஹார்ட்டுக்குத் தாவினார். பார்ட்னர் கொஞ்சம் யோசித்துவிட்டு பாஸ். வலப்பக்கத்தவர் 4 ஹார்ட். மறுபடியும் டபுள் போட்டேன். பார்ட்னர் 5 கிளப் சொல்லி ஒரு பிடி குறைந்து தோற்றார். ஆடி முடித்துப் பார்த்தால் 4 ஸ்பேட் ஜெயித்திருக்கும். என் தவறு எங்கே? பார்ட்னர் யோசித்த பிறகு நான் 4 ஸ்பேட் சொன்னால் போட்டி நடுவரான டைரக்டரைக் கூப்பிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. (ஈசூன் வாசகர்)

பதில்: முதலில் உங்கள் மேலாளரை விட்டுவிடுவோம். அவர் கையில் கிளப் குவீன், ஜாக், 8, 6, 4, டைமண்ட் குவீன், மூன்று சின்ன ஸ்பேட் என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 5 பாயிண்ட். நீங்கள் இரண்டு முறை டபுளுக்கான அந்தச் சிவப்பு அட்டையை வைத்தீர்கள். இரண்டு முறையும் அது அவரிடம் சொன்னது ஒன்றுதான்: "ஹார்ட்டைத் தவிர மற்ற மூன்றும் எனக்குச் சரி, நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்." அவரும் தன்னிடம் நீளமாக இருந்த கிளப்பைத் தேர்ந்தெடுத்தார். உங்களிடம் ஆறு ஸ்பேட் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு எதிராளி ஒருவர் தன் ஒற்றை ஸ்பேடை இறக்கினார், அந்த எதிராளியின் ஜோடி கிளப் ஏஸில் உள்ளே வந்து ஸ்பேடைத் திருப்பினார், அதை முதலாமவர் துருப்பால் வெட்டினார். கடைசியில் ஒரு ஹார்ட்டும் போனது. 4 ஸ்பேட் ஆடியிருந்தால் ஹார்ட், டைமண்ட், கிளப் என்று சூட்டுக்கு ஒன்றாக மூன்று போயிருக்கும். மீதி 10 பிடி உங்களுடையது.

தவறு உங்கள் முதல் டபுளில் இருக்கிறது. அது உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றும் என்னால் சொல்ல முடியும். "17 பாயிண்ட் வந்தால் டபுள் போடு, பிறகு சொந்த சூட்டைச் சொல்." வாட்ஸ்அப்பில் சுற்றும் நோட்ஸ் எல்லாவற்றிலும் இந்த வரி இருக்கிறது. "பிறகு" என்று ஒரு வாய்ப்பு வருமா என்று மட்டும் எந்த நோட்ஸும் கேட்பதில்லை.

உங்கள் கையிலேயே அதற்குப் பதில் இருந்தது. ஹார்ட் மொத்தம் 13. உங்களிடம் 1. தொடங்கியவரிடம் குறைந்தது 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 7 ஹார்ட், உங்கள் பார்ட்னரும் இடப்பக்கத்தவரும் பங்குபோட வேண்டியது. இடப்பக்கத்தவரிடம் மூன்றோ நான்கோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது இருந்தால் அவர் சும்மா இருக்க மாட்டார், தாவுவார். ஆக, எதிராளியின் சூட்டில் உங்களிடம் ஒற்றைச் சீட்டு இருந்தால் ஏலம் உங்கள் கைக்குத் திரும்பும்போது உயரத்தில் இருக்கும். உங்கள் ஸ்பேடைச் சொல்ல மலிவான இடம் 1 ஸ்பேட் ஒன்றுதான், அதை விட்டுவிட்டீர்கள்.

ஃபுளோட்டிங் பிரிட்ஜ் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டைக் கேட்பார், அது யாரிடம் இருக்கிறதோ அவரே பார்ட்னர். ஏலம் முடியும்வரை மூன்று பேருமே எதிரிதான். பலமான சூட்டைக் கடைசிவரை மறைத்து வைப்பதில் லாபம் உண்டு. முகாமில் படுக்கையில் உட்கார்ந்து அப்படி ஆயிரம் ஆட்டம் ஆடியவர்களுக்கு அது கையிலேயே ஊறிவிடும். இங்கே பார்ட்னர் முதல் சீட்டு பிரிவதற்கு முன்பே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் மறைத்தால் ஏமாறுபவர் அவர்தான்.

1 ஸ்பேட் சொல்லியிருந்தால்? இடப்பக்கத்தவர் 3 ஹார்ட், 4 ஹார்ட் எதற்குத் தாவினாலும் பரவாயில்லை. அப்புறம் நீங்கள் போடும் டபுள் வேறு பேச்சு பேசும்: "ஸ்பேடைச் சொல்லிவிட்டேன், அதற்கு மேலும் பலம் இருக்கிறது." மூன்று ஸ்பேட் வைத்திருக்கும் பார்ட்னர் 4 ஸ்பேடுக்கு வருவார். உங்களைப் போன்ற கைக்கு, தயங்காமல் நீங்களே 4 ஸ்பேட் சொல்வதும் சரிதான்.

முதலில் டபுள் போட்டாகிவிட்டது, 4 ஹார்ட் வந்துவிட்டது, இனி என்ன? அப்போதும் 4 ஸ்பேட்தான். இரு தரப்பும் வல்னரபிள் (பரிசும் அபராதமும் கூடும் நிலை) இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 4 ஸ்பேட் ஜெயித்தால் 420 மதிப்பெண். எதிராளி டபுள் போட்டு இரண்டு பிடி குறைந்தால் 300 இழப்பு, எதிராளி 4 ஹார்ட் ஜெயித்தால் போகும் 420-ஐவிட அது மலிவு. இரு தரப்பும் வல்னரபிள் என்றால் 500-க்கு எதிராக 620, கணக்கு அதேதான். நீங்கள் மட்டும் வல்னரபிள் என்றால் 500-க்கு எதிராக 420. அங்கே மட்டும் ஒரு நொடி நிதானியுங்கள். இரு தரப்புக்கும் துருப்பு நீளமாக இருக்கும்போது பிடிகளும் கூடும் என்பதை ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1960களிலேயே கணக்காகக் காட்டினார். உங்கள் மேசையில் உங்களுக்கு 9 ஸ்பேட், அவர்களுக்கு 10 ஹார்ட். அப்படிப்பட்ட மேசையில் 4 ஹார்ட்டுக்கு மேல் 4 ஸ்பேட் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

அப்படியானால் டபுள் போட்டுவிட்டு சூட்டைச் சொல்வது எப்போது? ஒரு கையை வைத்துச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். அதே ஆறு ஸ்பேட், ஹார்ட்டில் கிங், 7. டைமண்டில் ஏஸ், குவீன், 3. கிளப்பில் கிங், 5. மொத்தம் 21 பாயிண்ட். இந்தக் கையில் 1 ஸ்பேட் சொன்னால், மூன்று சின்ன ஸ்பேடும் ஒரு கிளப் குவீனும் வைத்திருக்கும் பார்ட்னர் பாஸ் சொல்லிவிடுவார். தொடங்கியவரும் பாஸ் சொன்னால் ஏலம் அங்கேயே செத்துவிடும், 4 ஸ்பேடுக்குத் தகுந்த கையை 1 ஸ்பேடில் ஆடுவீர்கள். இங்கே டபுள் போட்டே ஆக வேண்டும். இரண்டு காரணம். பலம் 17-ஐத் தாண்டி எங்கேயோ இருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஹார்ட்டில் இரண்டு சீட்டும் அதில் ஒரு கிங்கும் உங்களிடம் இருப்பதால் எதிராளிகள் தாவும் வாய்ப்பு குறைவு. "பிறகு" என்ற வாய்ப்பு பெரும்பாலும் உங்களுக்கு வரும். இந்தக் கையிலிருந்து ஹார்ட் 7-ஐ எடுத்துவிட்டு ஒரு கிளப் 2-ஐச் சேர்த்தால் பாயிண்ட் மாறவில்லை, ஆனால் நான் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். பாயிண்டை எண்ணுவதற்கு முன் எதிராளி சூட்டில் உங்களுக்கு எத்தனை என்று எண்ணுங்கள் என்று என் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பிரிட்ஜ் வகுப்புகளைப் பற்றியும் ஒன்று. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சிங்கப்பூர் ஆண்கள் குழு பிரிட்ஜில் தங்கம் வென்றது, நமக்கெல்லாம் பெருமை. அந்தத் தங்கத்தைக் காட்டி ஆள் பிடித்து, நாற்பது பக்க கன்வென்ஷன் (ஏலத்தில் ஜோடிகள் பேசிவைத்துக்கொள்ளும் குறிப்புகள்) கட்டையும் லேமினேட் செய்த அட்டையையும் விற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் பணம் கட்டிய ஒருவர் என்னிடம் வந்தார். எட்டு விதமான டபுளுக்கு எட்டுப் பெயர் சொன்னார். ஹார்ட் எத்தனை வெளியே இருக்கிறது என்று கேட்டேன், எண்ணத் தெரியவில்லை. எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. முதல் பாடத்துக்கு முன்பே அட்டையை விற்கிற யாரிடமும் பணம் கட்டாதீர்கள்.

டைரக்டர் பயத்துக்கு வருவோம். இடப்பக்கத்தவர் தாவி 3 ஹார்ட் சொன்னால், அடுத்துப் பேசவேண்டியவர் சுமார் 10 விநாடி பொறுக்க வேண்டும், கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும். தாவலுக்குப் பிறகு எல்லாரும் ஒரே மாதிரி நிறுத்தினால்தான் நிறுத்தம் எதையும் காட்டிக்கொடுக்காது. உங்கள் மேலாளர் அந்த அளவுக்குள் யோசித்தார் என்றால் அவர்மேல் தவறே இல்லை. ஒரு நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், அந்த யோசனை சுட்டுகிற ஏலத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று பிரிட்ஜ் விதிகளில் 16-ஆம் விதி சொல்கிறது. ஆனால் ஏஸ், கிங், குவீனோடு ஆறு ஸ்பேட் உங்கள் கண்முன் இருக்கிறது, 4 ஸ்பேட் சொல்ல அதுவே போதுமான காரணம். டைரக்டர் வந்தால் கையைக் காட்டி அதையே சொல்லுங்கள். இந்த 10 விநாடியை முதல் நாளே சொல்லிக்கொடுக்காமல், ஆறு மாதம் கழித்து மேசைக்கு டைரக்டரை வரவழைத்துப் புதியவர்களை நடுங்கவைக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கேயே பாதிப் பேர் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவே இல்லை.

அடுத்த வாரம் உட்காருவதற்கு முன், காப்பிக்கடையிலேயே மேலாளரோடு ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: நீங்கள் 1 ஸ்பேட் சொன்ன பிறகு 4 ஹார்ட்டின்மேல் டபுள் போட்டால், மூன்று ஸ்பேட் இருந்தால் அவர் 4 ஸ்பேடுக்கு வர வேண்டும், ஒன்றே ஒன்று இருந்து ஹார்ட்டில் பிடி எடுக்க முடியும் என்றால் பாஸ் சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு இருந்தால் என்ன செய்வது என்று அவரையே கேளுங்கள், அவர் பதிலைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.