மூன்று இரவில் மூன்று குஞ்சு போனதற்கு

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி வீடு, முதன்முதலாக ஒரு மாத நாட்டுக்குஞ்சு 10 வாங்கினேன், வலை அடித்த கூடுதான், ஆனாலும் மூன்று இரவில் மூன்றைக் காணோம், ரத்தமும் இல்லை இறகும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தடயமே இல்லை என்றால் நான் முதலில் பாம்பைத்தான் சந்தேகப்படுவேன், அடுத்து பெருச்சாளி. மரநாய் புகுந்தால் பெரும்பாலும் கூடே அலங்கோலமாகிவிடும்.

அந்த அறுகோண ஓட்டை வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், உள்ளே வருவதைத் தடுக்க இல்லை. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை) வாங்கி அடியிலும் சேர்த்து அடித்து, கூட்டை இரண்டடி உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். செலவுதான், ஆனால் நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று தரை காயவே விடாது, ஈரத்தில் கிடக்கும் குஞ்சுக்கு ரத்தக் கழிச்சல் சீக்கிரம் பிடிக்கும், தூக்கிய கூடு அதற்கும் உதவும்.

அப்புறம், வெள்ளைக் கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) குஞ்சு பொரித்த ஏழாம் நாள் சொட்டு மருந்து போட்டார்களா என்று விற்றவரிடம் கேளுங்கள். போட்டிருந்தாலும் எட்டாவது வாரம் ஊசி உண்டு, பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். நான் முதல் தடவை இதை அலட்சியமாக விட்டு, ஒரே வாரத்தில் 12 கோழியைத் தென்னை மூட்டில் புதைத்தேன்.

சாயங்காலம் எத்தனை மணிக்கு அடைக்கிறீர்கள்? அதை எழுதவே இல்லையே.