தையல் இயந்திரத்துக்கு முன்

கேள்வி: எங்கள் தெருவில் பெரும்பாலான பெண்கள் பீடி சுற்றுகிறோம். பெண்களுக்கான மையம் நடத்த ஜமாஅத் ஓர் அறை தந்திருக்கிறது. தையல் இயந்திரங்கள் வாங்கிப் போட்டால் எங்கள் வருமானம் உயருமா?
- ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: சகோதரி, அறை கிடைத்ததே பெரிய காரியம். ஆனால் இயந்திரத்திலிருந்து தொடங்க வேண்டாம். துணி தந்து கூலி கொடுக்க ஆள் இல்லாவிட்டால், அது சில மாதங்களில் உறை போர்த்தி மூலையில் நிற்கும்.

முதலில், வாங்கிய இலையும் தூளும் கொடுத்த பீடியும் பதியப்படும் பீடிப் பாஸ்புத்தகங்களை, எல்லாருடையதையும் அந்த அறையில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடும் இத்தொழிலில், இலையையும் தூளையும் குறைத்துக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையை முழுதாகக் கேட்பதும், சுற்றியதில் ஒரு பகுதியைக் கழிவென்று ஒதுக்குவதும், வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம்தான் எளிதாக நடக்கின்றன. அடுத்தவர் பெயரிலுள்ள புத்தகத்துக்குச் சுற்றிக் கொடுப்பவருக்கு வருங்கால வைப்பு நிதி சேராது; பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு வேண்டிய தொழிலாளர் அடையாள அட்டையும் எளிதில் கிடைக்காது. மடியில் சுளகும் கையில் கத்திரியுமாக முதுகு வளைய உழைத்தவர் எந்த ஏட்டிலும் தொழிலாளியாக இல்லை என்பது எனக்குப் பொறுக்க முடியாத அநீதியாகப் படுகிறது. படித்த பெண்கள் இருவர் வாரம் ஒரு நாள் அமர்ந்து விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தாலே உங்கள் மையம் வேலை செய்யத் தொடங்கிவிட்டதாக எண்ணலாம்.

உங்கள் மாவட்டத்துப் பத்தமடையையே பாருங்கள். கோரையை ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்துப் பட்டுப்போலப் பாய் நெய்யும் முஸ்லிம் பெண்களின் கைத்திறனுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் அப்படித் தொழில் தெரிந்திருந்தும் வாங்குபவரை நேரில் அறியாதவருக்கு, இடையில் நிற்பவர் சொல்வதுதான் விலை. ஆகவே புதுத்தொழில் எதுவானாலும் வாங்குபவரை உறுதிசெய்த பின்பே பயிற்சியில் இறங்குங்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 1999-இல் தொடங்கப்பட்ட டாம்கோ என்னும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம், சிறுபான்மையினப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குச் சிறுகடன் தருகிறது. முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் வழங்குகிறது. இரண்டுக்கும் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரியுங்கள்.

நண்பகல் தொழுகையான லுஹருக்கும் மாலைத் தொழுகையான அஸருக்கும் இடையில், கைக்குழந்தையோடு வந்தாலும் உட்கார முடிகிறபடி மையத்தைத் திறந்து வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும். அதில் பதியும் கைப்பேசி எண்ணும் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இல்லாமல், அவரவருடையதாகவே இருக்கட்டும்.